"அந்த மாத்திரை எனக்குக் கேக்காது"

அத்தையின் பிளேட்டை, அதாவது அவருடைய சிறுநீரில் இருந்த கிருமியை வளர்க்கும் தட்டை, இன்குபேட்டரிலிருந்து எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூடியைத் திறக்காமல் பின்பக்கம் திருப்பி, கறுப்புத் துணி விரித்த மேசைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். வெளிர் வைக்கோல் நிற அகார், கிருமி வளரும் ஜெல்லி. அதன் மேல் பாக்டீரியா, அரைத்த மாவை விரலால் மெல்லிசாகத் தடவிவிட்டது போல ஒரே சீராக வளர்ந்திருந்தது. நடுநடுவே முந்தின நாள் நான் வைத்த காகித வில்லைகள். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி பாக்டீரியா வளராது. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல ஒரு தெளிந்த வட்டம் விழும்.

இரண்டு பிளேட்டுகளில் பன்னிரண்டு வில்லைகள் வைத்திருந்தேன். ஆம்பிசிலினைச் சுற்றி வட்டம் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், எதற்கும் இல்லை. செஃபிக்சிம் வில்லையின் விளிம்பு வரை பாக்டீரியா வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசியாகப் போடும் செஃப்ட்ரையாக்சோனுக்கும் அதே கதி. நைட்ரோஃப்யூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் என்று ஒரு நாலைந்து வில்லைகளைச் சுற்றித்தான் வட்டம் தெளிவாக இருந்தது.

பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட பிளேட் வாரத்துக்குப் பல வரும். ஆனால் இதன் மேல் மார்க்கரில் எழுதியிருந்தது என் அத்தையின் பெயர். சிறு வயதில் என்னைத் தூக்கி வளர்த்த கை அவருடையது. அளவுகோலை வைத்து வட்டங்களை அளக்கும்போது விரல் நடுங்கியது.

அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது பிள்ள, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாலைந்து வருடமாக நீர்க்கடுப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். தெருமுனை மெடிக்கலில் போய்ச் சொல்வார், ஆறு மாத்திரை கொடுப்பார்கள். மூன்று போட்டதும் எரிச்சல் குறையும், மீதி மூன்று பிரிட்ஜ் மேல் உள்ள டப்பாவுக்குப் போகும். அடுத்த முறை டப்பாவிலிருந்தே தொடங்கும். ஒரு கட்டத்தில் மெடிக்கல்காரர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். "பழைய மாத்திரை எனக்குக் கேக்காது, பவரானதாக் குடுங்க" என்று அத்தையே கேட்டு வாங்கியிருக்கிறார். ஒருமுறை எனக்கும் போன் வந்தது. லேபில் வேலை அதிகமாக இருந்த நேரம். "போன தடவை கேட்டதையே போடுங்க அத்தை, ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் தெரிந்த நானே அப்படிச் சொன்னேன் என்பது இன்றைக்கும் மனதில் முள்ளாகக் கிடக்கிறது.

இந்த முறை எரிச்சலோடு நிற்கவில்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகின் வலப்பக்கம் வலி, வாந்தி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. நைட்ரோஃப்யூரன்டாயின் விலை குறைந்த, நல்ல மாத்திரை. ஆனால் அது சிறுநீர்ப்பையோடு சரி, சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு சேராது. ஆகவே அத்தைக்கு மாத்திரையாக ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாளைக்கு மூன்று வேளை மெரோபெனம் ஏற்றினார்கள். பத்து நாள். கை நரம்பெல்லாம் வீங்கிப்போனது. நாலாம் நாள்தான் காய்ச்சல் விட்டது.

"கேக்கலை" என்ற சொல்லைப் பற்றி அந்தப் பத்து நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். மருந்து கேட்கிறது, கேட்கவில்லை என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வோம். எங்கள் ரிப்போர்ட்டில் வரும் சென்சிடிவ், ரெசிஸ்டன்ட் என்ற இரண்டு சொல்லுக்கும் இதைவிட நேரான தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சின்னத் தவறு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எனக்குக் கேக்காது" என்கிறோம். உடம்பு அந்த மாத்திரைக்குப் பழகிவிட்டது, அதனால் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறோம். அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார். பழகியது அத்தையின் உடம்பு இல்லை, அத்தையின் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை. அவருக்குக் கேட்காத மருந்து, அதே பாக்டீரியா தொற்றினால் அவருடைய பேத்திக்கும் கேட்காது. பேத்தி அந்த மருந்தை வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட்டிருக்க வேண்டியதில்லை.

ஈ.கோலை நம் எல்லார் குடலிலும் இருப்பதுதான். அங்கே இருக்கும் வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை. வசதியான சூழல் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பிளக்கும். ஒன்றில் தொடங்கினால் பத்து மணி நேரத்தில் 107 கோடி. அத்தனை முறை மரபணுவைப் படி எடுக்கும்போது எங்காவது எழுத்துப் பிழை வரத்தான் செய்யும். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று மருந்திலிருந்து தப்பிக்க உதவலாம். நீங்கள் மாத்திரை போடும்போது மற்றதெல்லாம் சாகிறது, அந்த ஒன்று பிழைக்கிறது. இடம் காலியாகிவிட்டதால் அதன் வம்சம் பெருகுகிறது. நீர்க்கடுப்புக்காகப் போடும் மாத்திரை நீர்ப்பைக்கு மட்டும் போவதில்லை, குடலுக்கும் போகிறது. சளிக்காகப் போட்டாலும் போகிறது. சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் உள்ள பாக்டீரியாவுக்கு மட்டும் பாடம் நடந்துவிடும்.

இதைவிடக் கவலை தரும் வழி ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குள் அதன் முதன்மை டி.என்.ஏ. தவிர, தனியாகச் சிறு வளையங்கள் இருக்கும். பிளாஸ்மிட் என்போம். மருந்தை முறியடிக்கும் மரபணு அந்த வளையத்தில் இருந்தால், ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள இன்னொன்றுக்கு அதன் படியைக் கொடுத்துவிட முடியும். வாங்குவது அதே இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஈ.கோலையிடம் இருப்பது கிளெப்சியெல்லாவுக்குப் போகும். ஒரே வளையத்தில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்து இருப்பதும் உண்டு. அத்தை கோட்ரைமாக்சசோல் கடைசியாக எப்போது போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனாலும் பிளேட்டில் அதற்கும் வட்டம் விழவில்லை.

அத்தையின் கிருமி வைத்திருந்தது மருந்தை வெட்டும் ஒரு நொதி. செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவற்றின் மூலக்கூறில் உள்ள பீட்டா-லாக்டம் என்ற வளையத்தை அது உடைத்துவிடும். உடைந்தபின் மருந்து வெறும் தூள். இந்த வகை நொதியை ஈ.எஸ்.பி.எல். என்று சுருக்கமாகச் சொல்வோம். அதை லேபில் கண்ணாலேயே காணலாம். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஒரு வில்லையை நடுவில் வைத்து, இருபது மில்லிமீட்டர் தள்ளி செஃபோடாக்சிம் வில்லையை வைப்போம். கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியை முடக்கும். அதனால் இரண்டு வில்லைக்கும் இடைப்பட்ட பக்கத்தில் மட்டும் செஃபோடாக்சிம் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். ஒன்றுமில்லாத இடத்தில், அந்த ஒரு பக்கம் மட்டும், பழைய பூட்டின் சாவித் துவாரம் போல ஒரு தெளிவு விழும். முதன்முதலில் படிக்கும் காலத்தில் அதைப் பார்த்தபோது வியந்துபோனேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு நொதி என்ன செய்கிறது என்பதை ஒரு நிழல் காட்டிக்கொடுக்கிறது. அத்தையின் பிளேட்டிலும் அது தெளிவாக இருந்தது.

இந்த வெட்டும் வித்தையை ஈ.கோலை நம் மருந்துக் கடைகளில் கற்றுக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். 1940 டிசம்பரில், ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஏப்ரகாமும் எர்ன்ஸ்ட் செயினும், பென்சிலினை அழிக்கும் ஒரு நொதி பாக்டீரியாவில் இருக்கிறது என்று எழுதினார்கள். எந்த பாக்டீரியா? அதே ஈ.கோலைதான். அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1941 பிப்ரவரியில்தான், ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அந்தக் குழு பென்சிலின் கொடுத்தது. முகமெல்லாம் சீழ் வைத்துக் கிடந்தவர், சில நாளில் எழுந்து சாப்பிட்டார். ஆனால் கையிருப்பு மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்து அவருக்கே ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை, மார்ச்சில் இறந்துபோனார். ஒரு சொட்டு மருந்துக்காக மூத்திரத்தை வடிகட்டிய காலம் அது. பிரிட்ஜ் மேல் மிச்ச மாத்திரைகள் கிடந்த அந்த டப்பாவைப் பார்த்தபோது எனக்கு அந்தப் போலீஸ்காரர்தான் நினைவுக்கு வந்தார்.

பென்சிலினை முதலில் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரை நிகழ்த்தியபோது, பென்சிலினைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற காலம் வரக்கூடும், அப்போது அறியாதவர்கள் போதாத அளவு மருந்து எடுத்து, கிருமிகளைச் சாகடிக்காமல் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்தார். மெடிக்கலில் மூன்று மாத்திரை கிழித்துக் கொடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரை ஞாபகம் வரும்.

நம் பக்கத்தில் இது எப்போது தொடங்கியது என்றால், டைபாய்டைச் சொல்லலாம். 1948-இல் டைபாய்டுக்கு குளோரம்பெனிகால் வந்தது. அதுவரை டைபாய்டு என்றால் வாரக்கணக்கில் கிடந்து, பிழைத்தால் உண்டு என்ற நிலை. அந்த மருந்து வந்தபின் பல ஆயிரம் குடும்பங்கள் தப்பின. 1972-இல் கோழிக்கோட்டில் அதற்கு அசையாத டைபாய்டு கிருமியை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்கக்கூடியது என்பதையும் காட்டினார்கள். பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, அதற்கும் கிருமி பழகியது. பிறகு செஃப்ட்ரையாக்சோன். 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அதற்கும் கேட்காத டைபாய்டு பரவத் தொடங்கியது.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2008-இல் சுவீடனில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் புது வகை நொதி கொண்ட கிளெப்சியெல்லா கிடைத்தது. அவர் டெல்லி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் என்பதால் அந்த நொதிக்கு நியூ டெல்லி என்ற பெயரோடு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். கடைசி அஸ்திரமாக வைத்திருந்த மெரோபெனம் வகையையும் அது வெட்டும். 2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் அதைப் பற்றி வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். சென்னையிலிருந்து 44, ஹரியானாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று அந்த நொதி கொண்ட கிருமிகளை எண்ணிக் காட்டியது கட்டுரை. நாடே கொந்தளித்தது. பெயரில் டெல்லி ஏன், மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்று பேச்செல்லாம் அங்கேயே நின்றது. ஒரு கிருமிக்கு ஊர்ப் பெயர் வைப்பது எனக்கும் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு நாம் பேசியிருக்க வேண்டியது பெயரைப் பற்றி இல்லை, அந்த 44 பேரைப் பற்றி. அடுத்த வருடமே வெளிவந்த ஓர் ஆய்வுப்படி, டெல்லியில் தெருவில் தேங்கிய தண்ணீர் மாதிரிகள் 171 எடுத்துச் சோதித்ததில் 51-இல் அந்த மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2.

நல்லதும் நடந்தது. 2012 ஆகஸ்டில் நாட்டின் பல மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு திட்டம் வகுத்தன. சென்னை பிரகடனம் என்று அதற்குப் பெயர். 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை விற்றால் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் மெடிக்கலில் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2016-இல் அட்டையில் உள்ள சிவப்புக் கோடு எதற்கு என்று மத்திய அரசு பிரசாரம் செய்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று பொருள். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் இப்போதே போய்ப் பாருங்கள், குறைந்தது ஒரு அட்டையிலாவது அந்தக் கோடு இருக்கும். 2019 ஜூலையில், கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி, மீன், கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை வந்தது. மெரோபெனமும் கேட்காதபோது மனிதருக்குப் போட மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் அதுவும் ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து, வேறு வழியில்லாமல் திரும்ப வந்தது. அதைக் கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். அந்தத் தடை வந்த அன்று எங்கள் லேபில் எல்லாரும் மனதார சந்தோஷப்பட்டோம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. மருந்து கேட்குமா கேட்காதா என்பதைப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. 1966-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பாவர், கிர்பி ஆகியோர் அடங்கிய குழு ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறையை, அதே காகித வில்லையோடு, இன்றைக்கும் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம்.

சிறுநீர் வந்ததும் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிடிக்கும் லூப் என்ற சிறு கம்பி வளையத்தைத் தோய்த்து பிளேட்டில் கோடு இழுப்போம். மறுநாள் முளைத்த காலனிகளை, அதாவது பாக்டீரியாக் கூட்டப் புள்ளிகளை, எண்ணுவோம். நூறு காலனி என்றால் ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சம் பாக்டீரியா என்று கணக்கு. ஈ.கோலை என்றால் மெக்கான்கி அகாரில் ரோஜா நிறத்தில் தட்டையாக வரும். அதில் ஒன்றிரண்டு காலனியை எடுத்து உப்புநீரில் கலப்போம். மில்லிலிட்டருக்குப் பதினைந்து கோடி பாக்டீரியா வரும் அளவுக்கு அந்த நீர் கலங்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வட்டத்தின் அளவு பொய் சொல்லும். அதில் பஞ்சுக் குச்சியைத் தோய்த்து, பிளேட்டை மூன்று திசையில் திருப்பித் திருப்பித் தடவி, வில்லைகளை வைத்து, இரவு முழுக்க 35 டிகிரியில் விட்டுவிட்டு, காலையில் அளப்போம். ஈ.கோலைக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் என்றால் 17 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வட்டம் இருந்தால் கேட்கும். 14-ம் அதற்குக் கீழும் என்றால் கேட்காது. ஆக மொத்தம் இரண்டு நாள், சில சமயம் மூன்று.

இந்த இரண்டு மூன்று நாளைத்தான் நாம் யாரும் கொடுப்பதில்லை. எங்களுக்கு வரும் மாதிரிகளில் எத்தனையோ, நாலு நாள் மாத்திரை போட்டும் சரியாகாமல் பிறகு எடுத்தவை. உள்ளே மருந்து சுற்றிக்கொண்டிருக்கும்போது எடுத்த சிறுநீரிலும் ரத்தத்திலும் கிருமி வளராமல் போகலாம். "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் எழுதும்போது எனக்குத் தெரியும், இந்த மனிதருக்கு இன்னமும் காய்ச்சல் அடிக்கிறது, கிருமி எங்கோ இருக்கிறது, அதை எங்களிடம் காட்ட முடியாதபடி நாமே மறைத்துவிட்டோம் என்று.

எல்லாருக்கும் மூன்று நாள் காத்திருக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்தத்தில் கிருமி பரவி ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அங்கே அனுபவத்தை வைத்து உடனே மருந்து தொடங்கத்தான் வேண்டும். நான் கேட்பதெல்லாம் அந்த முதல் ஊசிக்கு முன்னால் ரத்தத்தை எடுத்து, கிருமி வளர்க்கும் கல்ச்சர் பாட்டிலில் விட்டுவிடுங்கள் என்பதுதான். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ரிப்போர்ட் வந்தபின், பெரிய மருந்து தேவையில்லை என்றால் சின்ன மருந்துக்கு இறங்கிவிடலாம்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பீடி சுற்றும் அம்மாவிடம் "கல்ச்சர் எடுத்துட்டு மூணு நாள் கழிச்சு வாங்க" என்றால் அவர் வரமாட்டார். டெஸ்டுக்குச் சில நூறு ரூபாய், பஸ் செலவு, இரண்டாவது முறையாக ஒரு நாள் கூலி. அவருக்கு மூன்று மாத்திரைதான் கட்டுப்படியாகும். அறிவுரை அவருக்குத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பாட்டில் வாங்கி, அங்கிருந்தே மாதிரி போய், ரிப்போர்ட் அவர் போனுக்கு வர வேண்டும். அது நடக்காத காரியம் இல்லை, ஏனென்றால் ஒரு நோய்க்கு நாம் அதைச் செய்து காட்டியிருக்கிறோம்.

காசநோயைச் சொல்கிறேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வு, முட்டை, பால், நல்ல காற்று என்பதுதான் அன்று உலக வழக்கம். ஆனால் இந்தியாவில் அத்தனை படுக்கை எங்கே? நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும், இன்னொரு பிரிவுக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலும் அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு குணமாகியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள், அதிகமாக உழைத்தார்கள், ஆனாலும் குணமானார்கள். 1959-இல் அந்த முடிவு வெளிவந்தபின் உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள, நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுப்பது பாதி வேலை, அது உள்ளே போனதா என்று பார்ப்பது மீதி வேலை என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு அரசு மையத்தில் சளி கொடுத்தால் சிபிநாட் கருவி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து கேட்குமா இரண்டையும் சேர்த்துச் சொல்லும். நோயாளி காசு கொடுக்க வேண்டாம். இப்படி முதலிலேயே மருந்து எதிர்ப்பைப் பார்த்துவிட்டு சிகிச்சை தொடங்குவது காசநோய்த் திட்டத்தின் கொள்கையாகவே இருக்கிறது. கூலி வேலை செய்பவருக்கும் அது கிடைக்கிறது. நீர்க்கடுப்புக்கும் டைபாய்டுக்கும் மட்டும் ஏன் குருட்டாம்போக்கில் மருந்து போடுகிறோம்?

ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்த எதிர்ப்போடு தொடர்புடைய மரணங்களைச் சேர்த்தால் 49.5 லட்சம். இந்த எண்ணைப் பேச்சுப்போட்டியில் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அப்படி முடியவில்லை, ஏனென்றால் அதில் சிலருடைய பிளேட்டை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பச்சிளம் குழந்தையின் ரத்தத்தில் கிளெப்சியெல்லா வந்தது. பிறந்து ஒன்பது நாள். இரண்டு பிளேட்டிலும் ஒரு வட்டம்கூட இல்லை. வார்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். மறுமுனையில் டாக்டர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

'கோர்ஸை முடிக்க வேண்டும்' என்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, லேபில் இருப்பவள். ஆனால் தெரிந்ததைச் சொல்கிறேன். அதிக நாள் போட்டால் அதிக நல்லது என்பது பழைய எண்ணம். சாதாரண நீர்க்கடுப்புக்கு மூன்று நாள், ஐந்து நாள் போதும் என்று டாக்டர்களே இப்போது குறைத்துக்கொண்டு வருகிறார்கள். காசநோய் முற்றிலும் வேறு. அங்கே நடுவில் நிறுத்தினால் ஆபத்து. எத்தனை நாள் என்பதை எழுதிக் கொடுத்தவர் முடிவு செய்யட்டும். எரிச்சல் நின்றதா இல்லையா என்பதை வைத்து நாமாகக் குறைப்பதும், பயத்தில் நாமாகக் கூட்டுவதும் வேண்டாம். மிச்சம் இருந்தால் டப்பாவில் சேர்க்க வேண்டாம்.

அத்தை வீட்டு டப்பாவை நான்தான் காலி செய்தேன். பாதி கிழித்த ஏழு அட்டைகள் இருந்தன. மூன்றில் பெயரே இல்லை, பெயர் இருந்த பக்கத்தைத்தான் கிழித்துப் போட்டிருக்கிறார்.

அது நடந்து எட்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

"திரும்ப எரியுது பிள்ள. மாத்திரை ஒண்ணும் போடல. நீ சொன்ன பாட்டில் எங்க வாங்கணும்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெடிக்கலில் ஸ்டெரைல் யூரின் பாட்டில் என்று கேட்கச் சொன்னேன். தண்ணீரால் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், மூடியின் உள்பக்கத்தை விரலால் தொடக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "பிரிட்ஜிலயா, சாப்பாடு இருக்க எடத்துலயா?" என்று அதிர்ந்துபோய், மாமாவை அப்போதே ஸ்கூட்டரில் அனுப்பிவிட்டார். ஏழரைக்குப் பாட்டில் என் மேசையில் இருந்தது.

மறுநாள் பிளேட்டில் நாலே நாலு காலனி. சீழ் செல்லும் இல்லை. நோய்த்தொற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அத்தையை ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அந்த இடம் வறண்டு, தோல் மெலிந்து, நீர் போகும்போது எரியும், கிருமி இல்லாமலும் எரியும் என்று பொறுமையாகச் சொன்னார். பூசிக்கொள்ள ஒரு களிம்பு எழுதினார். அதைப் பூசினால் திரும்பத் திரும்ப நீர்த்தொற்று வருவதும் குறையும் என்றார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அத்தை கேட்டார், "அப்போ இத்தனை வருசமா நான் போட்டதுல எத்தன மாத்திரை தேவையில்லாததுன்னு சொல்லுத?"

கணக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த வருடங்களில் ஒருமுறைகூட நாங்கள் கல்ச்சர் எடுக்கவில்லை.